ஜாத்திலுவி: பாலித் தீவின் ஒரு நெற்கிராமமும் அதன் பாசன ஏற்பாடும்

முன்னாளில் கிழக்கிந்தியத் தீவுகள் என வழங்கிய இந்தோநேசியக் குடியரசு ஆயிரக்கணக்கான தீவுகளைக் கொண்டது. அவற்றுள் ஜாவாவுக்குக் கிழக்கே, பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஏறக்குறைய 8 பாகையில், பாலி என்னும் சிறு தீவு உள்ளது. இத்தீவின் ஜனங்களில் பெரும்பாலோர் இந்துக்கள். நெற்சாகுபடியில் அவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ச்சி பெற்றவர்கள். தீவின் தென்மேற்கில் உள்ள தபானான் ஜில்லாவில், பெனெபெல் வட்டத்தில், பதுகாரு மலையின் தென்சரிவில் அமைந்திருப்பது ஜாத்திலுவி என்னும் கிராமம். தலைநகரான தென்பசாரிலிருந்து வடமேற்கே சுமார் 45 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்திற்குச் சுமார் 700 மீட்டர் உயரத்தில் இவ்வூர் இருக்கிறது.

2012-ம் வருஷத்தில் ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, கலாசார ஸ்தாபனமான யுனெஸ்கோ, பாலியின் நெல்வயல்களையும் நீர்க்கோயில்களையும் உலகப் பாரம்பரியச் சொத்தாக அங்கீகரித்தது. அவ்வாறு சேர்க்கப்பட்ட 19,500 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 48,000 ஏக்கர் நிலப்பரப்பில் ஜாத்திலுவியின் வயல்களும் அடங்கும். அன்றுமுதல் வெளிநாட்டார் பலர் இவ்வூரைக் கண்டு அதன் அழகைப் புகழ்ந்து செல்கின்றனர். விவசாயிக்கும் கிராம நிர்வாகத்தில் பொறுப்புள்ளவருக்கும் அவ்வழகைவிட முக்கியமானவை வேறு இரண்டு: ஓர் ஆற்றின் நீரைப் பல நூறு குடும்பங்கள் சச்சரவின்றிப் பங்கிட்டுக் கொள்ளும் முறையும், அம்முறையே பயிரைப் பூச்சியினின்று காக்கும் விதமும். இக்கட்டுரை அவ்விரண்டையும் விளக்குகிறது.

நிலமும் மழையும்

பதுகாரு மலை 2,276 மீட்டர் உயரமுள்ளது. பாலியின் இரண்டாவது பெரிய சிகரம். அதன் மேற்சரிவுகளில் அடர்ந்த காடு உண்டு. மழைநீர் அக்காட்டு மண்ணில் ஊறி, ஊற்றுக்களாகவும் சிற்றோடைகளாகவும் கீழிறங்கி, வருஷம் முழுவதும் வற்றாமல் வயல்களை அடைகிறது. மண் எரிமலைச் சாம்பலினின்று உண்டானது. ஆழமும் வளமும் உள்ளது. நவம்பர் முதல் மார்ச்சு வரை மழைக்காலம். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மழை குறைந்த காலம். உயரமான இடமாதலால் வெப்பம் மிதமாகவே இருக்கும்.

சரிவு அதிகமானதால் வயல்கள் படிப்படியாக வெட்டப்பட்டுள்ளன. ஒவ்வொரு படியும் மலையின் வளைவை ஒட்டி வளைந்து செல்லும். சில வயல்கள் ஒரு வீட்டு முற்றத்தினும் அகலமில்லை. வரப்புக்கள் மண்ணால் ஆனவை. புல் வளர்த்து அவற்றை உறுதிப்படுத்துகிறார்கள். ஒரு வரப்பு உடைந்தால் கீழுள்ள பல படிகள் சரியும் அபாயம் உண்டு. ஆகவே தன் வரப்பைச் சரியாக வைப்பது இங்கே ஒருவனுடைய சொந்தக் காரியம் மட்டும் அன்று. கீழுள்ள அனைவரும் அதைக் கவனித்துக் கொண்டிருப்பர்.

ஊர் நிர்வாகம்

பாலியில் ஒரு கிராமத்திற்கு இரண்டு உருவங்கள் உண்டு. ஒன்று அரசாங்க நிர்வாகத்துக்குரிய கிராமம். இதன் தலைவர் பெர்பெகெல் எனப்படுவார். கணக்கு, பதிவு, சாலை, அரசாங்க நிதி ஆகியவை இவர் பொறுப்பு. 2014-ம் வருஷத்திய இந்தோநேசியக் கிராமச் சட்டத்தின்படி, மத்திய அரசாங்க வருமானத்தினின்று இத்தகைய கிராமங்களுக்கு நேரே நிதி கிடைக்கிறது. மற்றொன்று வழக்காற்றுக் கிராமம். கோயில் திருவிழா, ஈமச் சடங்கு, குல ஆசாரம் ஆகியவை இதன் பொறுப்பு. இவ்விரண்டின் கீழும் பஞ்சார் என்னும் தெருக்கூட்டங்கள் உண்டு. கூட்டம் கூட்டவேண்டுமானால் குல்குல் என்னும், உள்ளே குடைந்த மரத்தாலான முரசு அடிக்கப்படும்.

இவ்விரண்டிலும் சேராமல் தனித்து நிற்பது மூன்றாவது ஸ்தாபனம். அதுவே சுபாக் எனப்படும் பாசனச் சங்கம். நமது வாசகர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இதையே.

சுபாக் என்பது என்ன?

ஒரே வாய்க்காலினின்று நீர் பெறும் நிலச்சொந்தக்காரரும் குத்தகைதாரரும் சேர்ந்த சங்கமே சுபாக். அங்கத்தினருக்கு ஊர் எல்லை முக்கியமன்று, வாய்க்காலே எல்லை. ஒருவர் ஓர் ஊரில் குடியிருந்து, வேறோர் ஊர் வாய்க்காலில் நிலம் வைத்திருந்தால், அவர் அவ்வாய்க்காலின் சுபாக்கில் அங்கத்தினர் ஆவார். இரண்டு வாய்க்கால்களில் நிலம் இருந்தால் இரண்டு சுபாக்குகளிலும் அங்கத்தினர். பாசன விஷயத்தில் ஊர்ப் பகை நுழையாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

பாலி முழுவதும் ஏறக்குறைய 1,200 சுபாக்குகள் இருப்பதாகவும், ஒவ்வொன்றிலும் 50 முதல் 400 வரை விவசாயிகள் இருப்பதாகவும் யுனெஸ்கோவின் குறிப்புக் கூறுகிறது. இவ்வேற்பாட்டின் தோற்றம் 9-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று அதே குறிப்பால் அறிகிறோம். ஜாத்திலுவி சுபாக்கின் பரப்பு ஏறக்குறைய 300 ஹெக்டேர், அதாவது சுமார் 750 ஏக்கர். நிர்வாக வசதிக்காக அது தெம்பெக் என்னும் உட்பிரிவுகளாக வகுக்கப்பட்டிருக்கிறது.

சங்கத்தின் தலைவருக்குப் பெகாசே என்று பெயர். அங்கத்தினரே அவரைத் தேர்ந்தெடுக்கின்றனர். அரசாங்கம் அவரை நியமிப்பதில்லை. அணை, வாய்க்கால், பங்கீட்டுக் கட்டை ஆகியவற்றைப் பார்வையிடுதல், நடவுத் தேதியைக் கூட்டத்தில் முடிவு செய்வித்தல், வழக்குகளைத் தீர்த்தல், அக்கம்பக்கத்துச் சங்கங்களுடன் பேசுதல் ஆகியவை அவர் வேலைகள்.

சங்கத்தின் விதிகளுக்கு ஆவிக்-ஆவிக் என்று பெயர். முற்காலத்தில் பனையோலையில் எழுதப்பட்டன. இன்று அச்சிட்ட புத்தகமாகவும் உண்டு. நீர் திருடுதல், கூட்டத்துக்கு வராமை, வாய்க்கால் வேலைக்கு வராமை, வரப்பை வெட்டுதல், குறித்த காலத்திற்கு முன்னோ பின்னோ நடுதல் ஆகிய ஒவ்வொரு குற்றத்திற்கும் அபராதம் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும். ஒருவன் எந்தக் குலத்தவன், எவ்வளவு செல்வன் என்பதைப் பார்த்து விதி மாறுவதில்லை. உயர்குலத்துப் பிரபுவாயினும் வாய்க்காலில் நிலம் வைத்திருந்தால் ஏனையோரைப்போல் ஓர் அங்கத்தினரே.

வாய்க்கால் தூர்வாருதல், அணையைச் செப்பனிடுதல் முதலிய பொதுவேலைகளை அங்கத்தினர் தாமே கூடிச் செய்கின்றனர். வேலைக்கு வர இயலாதவர் அதற்கீடாகப் பணமோ நெல்லோ செலுத்த வேண்டும். இப்பொருள் பொதுச் செலவுக்குச் சேரும். நமது நாட்டில் முன்னாளில் நிலவிய குடிமராமத்தை இது ஒத்தது. ஆனால் அங்கே இது இடையறாது நடந்து வருகிறது என்பதும், வேலையை அளப்பதும் தண்டிப்பதும் சங்கத்தாரிடமே இருக்கிறது என்பதும் கவனிக்கத்தக்கன.

நீரைப் பங்கிடும் விதம்

ஆற்றின் குறுக்கே எம்பெலான் என்னும் சிறு அணை கட்டி, நீரை வாய்க்காலுக்குத் திருப்புகிறார்கள். மலையைக் குடைந்த சுரங்க வழிகளும் சில இடங்களில் உண்டு. வாய்க்காலில் நீர் பிரியும் ஒவ்வோரிடத்திலும் தெமுக்கு என்னும் பங்கீட்டுக் கட்டை வைக்கப்படும். முற்காலத்தில் இது ஒரு கனமான மரக்கட்டையாக இருந்தது. பிற்காலத்தில் சிமெண்டும் வந்தது. கட்டையின் மேற்புறத்தில் ஒரே மட்டத்தில், ஒரே ஆழத்தில், வெவ்வேறு அகலமுள்ள பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு பள்ளத்தின் அகலமும் அதன் கீழுள்ள நிலத்திற்கேற்ப அமைந்தது.

இம்முறையின் சிறப்பு யாதெனில், வாய்க்காலில் நீர் அதிகமானாலும் குறைந்தாலும் பங்கின் விகிதம் மாறாது. ஒருவர்க்கு ஒரு பங்கும் மற்றொருவர்க்கு இரண்டு பங்கும் என்றால், மழைக்காலத்திலும் கோடைக்காலத்திலும் அப்படியே. பஞ்சம் வந்தால் அனைவர்க்கும் விகிதப்படி குறையும். மேலும், பள்ளத்தின் அகலத்தை எவரும் கண்ணால் பார்க்கலாம், விரலால் அளக்கலாம். இரவில் ஒருவர் கல்லை வைத்து மறைத்திருந்தால் காலையில் வழியே போகும் சிறுவனுக்கும் அது தெரிந்துவிடும்.

பங்கின் அளவுக்குத் தேக்தேக் என்று பெயர். ஒரு குறிப்பிட்ட அளவு விதை கொள்ளும் நிலத்திற்குப் போதுமான நீரே ஒரு தேக்தேக். நிலத்தையும் நீரையும் விதையையும் ஒரே கணக்கில் பிணைத்ததால், ஒருவருடைய நிலத்தின் அளவு தெரிந்தால் அவர் பெறவேண்டிய நீரும், செய்யவேண்டிய வேலையும், தரவேண்டிய வரியும் உடனே தெரிந்துவிடும்.

மற்றொரு விசேஷமும் உண்டு. நமது பல பாசனங்களில் ஒருவர் வயலினின்று அடுத்தவர் வயலுக்கு நீர் வடிந்து செல்கிறது. மேலே உள்ளவர் உரமிட்டால் அது கீழே போகும். கீழே உள்ளவர் அறுவடைக்கு வயலைக் காயவிட நினைத்தால், மேலே உள்ளவர் நீர் பாய்ச்சிக் கெடுப்பார். பாலியில் ஒவ்வொருவருடைய நிலத்தொகுதிக்கும் வாய்க்காலினின்று தனி மடையும், வடிகாலுக்குத் தனி வழியும் உண்டு. வரப்புச் சண்டைகள் பல இதனாலேயே எழாமற் போகின்றன.

1970-களின் இறுதியில் தொடங்கி, வெளிநாட்டுக் கடன் உதவியுடன் பாலியின் அணைகள் பல புதுப்பிக்கப்பட்டன. அப்போது சில இடங்களில் பங்கீட்டுக் கட்டைகளை நீக்கி, ஏற்றி இறக்கும் இரும்புக் கதவுகளைப் பொருத்தினர். கதவை எவ்வளவு திறந்தால் யாருக்கு எவ்வளவு நீர் என்பது கண்ணுக்குத் தெரியவில்லை. ஆகவே விவசாயிகள் பல இடங்களில் அக்கதவுகளை எடுத்துவிட்டு, பழைய கட்டைகளையே வைத்துக் கொண்டனர். பாசன அதிகாரிகளுக்கு இது நல்ல பாடமாயிற்று: எந்தச் சாதனமும் நீரை நன்கு அளந்தால் மட்டும் போதாது, பங்குதாரர் அந்த அளவைத் தாமே சோதித்து நம்பக்கூடியதாகவும் இருக்க வேண்டும்.

நீர்க்கோயில்கள்

சுபாக்குகள் வாய்க்கால்களை மட்டுமன்றிக் கோயில்களையும் பொதுவில் வைத்திருக்கின்றன. ஒவ்வொரு விவசாயியும் தன் நிலத்தில் நீர் நுழையும் மடையில் ஒரு சிறு பீடம் அமைத்திருப்பார். வாய்க்கால் தலைப்பில் ஒரு கோயில். பல சுபாக்குகளின் தலைமடைக்கு ஒரு பெரிய கோயில். மலை உச்சியிலும் ஏரிக்கரையிலும் அதனினும் பெரிய கோயில். பதுகாரு மலையில் உள்ள லுஹுர் பதுகாரு கோயிலும், தீவின் வடகிழக்கில் பாத்தூர் எரிமலையில் உள்ள உலுன் தானு பாத்தூர் கோயிலும் இத்தகையவை. பின்னது ஏரியின் அதிதேவதைக்குரியது.

நெல்லுக்கு அதிதேவதை தேவி ஸ்ரீ. நீர் திறக்கும்போதும், நாற்று நடும்போதும், பயிர் பொதி கட்டும்போதும், நெல்லைக் களஞ்சியத்தில் வைக்கும்போதும் அவளுக்குப் படையல் உண்டு. கடவுள், மனிதர், இயற்கை ஆகிய மூன்றுடனும் இணக்கமாக வாழ்தலே இன்பத்திற்குக் காரணம் என்பது இவர்கள் கொள்கை. அதனைத் திரி ஹித காரணம் என்கின்றனர்.

இச்சடங்குகளை வெறும் பக்தி என்று கருதியவர்கள் பலர். உண்மையில் ஒவ்வொரு சடங்குக்கும் தேதி உண்டு. அத்தேதி கோயிலில் முடிவாகிறது. நீர் வரவேற்கும் சடங்கு நடக்காமல் எவரும் வயலை நனைக்கமாட்டார். ஆகவே சடங்குத் தேதி என்பது வேறு விதத்தில் சொன்னால் சாகுபடித் தேதியே. பல சங்கங்கள் ஒரே கோயிலில் கூடுவதால், எந்தச் சங்கம் எப்போது உழவு தொடங்க வேண்டும் என்பதும் அங்கேயே தீர்மானமாகிறது.

பயிர் முறை

ஜாத்திலுவியில் பொதுவாக வருஷத்தில் இரண்டு போகம். முதல் போகத்தில், ஜனவரியை ஒட்டித் தொடங்கி ஜூலை அளவில் முடியும்படி, உள்ளூர் நெட்டை நெல் பயிராகிறது. இதில் சிவப்பரிசி பெயர் பெற்றது. வயது ஐந்து முதல் ஆறு மாதம். உயர்ந்து வளரும், அதிக ரசாயன உரமிட்டால் சாயும். அரிசிக்கு நல்ல மணமும் ருசியும் உண்டு. அடுத்த போகத்தில் வயது குறைந்த புதிய நெல் பயிரிடப்படும்.

உள்ளூர் நெல்லை அறுப்பதற்கு அனி-அனி என்னும் சிறு கத்தி பயன்படுகிறது. இது உள்ளங்கையில் அடங்கும். கதிரைத் தனித்தனியாகத் தாளோடு கொய்ய உதவும். கொய்த கதிர்களைக் கட்டுக்களாகக் கட்டி, களஞ்சியத்தில் அடிக்காமலே வைப்பது பழைய வழக்கம். வேண்டும்போது வேண்டிய அளவு குற்றிக் கொள்வர். குட்டை ரகங்கள் வந்தபின் அரிவாளும், வயலிலேயே அடித்தலும் பரவின. அறுவடைக்குப் பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து வேலை செய்கின்றனர்.

அறுவடை முடிந்ததும் வாத்துக் கூட்டங்களை வயலில் விடுகிறார்கள். அவை சிந்திய நெல்லையும் நத்தையையும் பூச்சியையும் தின்று, எருவையும் விட்டுச் செல்கின்றன. மாட்டுச் சாணமும் வைக்கோலும் மீண்டும் வயலில் சேர்க்கப்படுகின்றன. தாளை மடக்கி உழுது, நீர் தேக்கி அழுகவிடுவதும் உண்டு.

ஏன் எல்லோரும் ஒன்றாக நடுகிறார்கள்?

இவ்வூர் ஏற்பாட்டின் கரு இதுதான். ஒரு சுபாக்கில் உள்ள அனைவரும் சில நாட்களுக்குள் நட்டு, சில நாட்களுக்குள் அறுத்துவிட வேண்டும். அடுத்த சுபாக் அதே காலத்திலோ, குறித்த இடைவெளி விட்டோ நடும். காரணம் இரண்டு. அவை ஒன்றுக்கொன்று மாறானவை.

முதலாவது, நீர். ஒரு ஏக்கரைச் சேறாக்க ஏறக்குறைய 200 மில்லிமீட்டர் ஆழ நீர் வேண்டும். அது 800 கன மீட்டர். உதாரணமாக, தலா 100 ஏக்கருள்ள இரண்டு சங்கங்கள் ஓர் ஆற்றை நம்பியிருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றும் 10 நாளில் சேற்றுழவை முடிக்க வேண்டுமானால், ஒரு சங்கத்திற்குத் தினம் 8,000 கன மீட்டர் வேண்டும். இரண்டும் ஒரே சமயத்தில் தொடங்கினால் 16,000. இரண்டாவது சங்கம் 10 நாள் பொறுத்தால், அப்போது முதற் சங்கத்திற்கு நட்ட பயிருக்கு நீர் நிறுத்த மட்டும் தினம் 8 மில்லிமீட்டர் ஆழம், அதாவது சுமார் 3,200 கன மீட்டர் போதும். மொத்தம் 11,200 ஆகும். ஆகவே நீரை மட்டும் கருதினால், சங்கங்கள் வெவ்வேறு காலத்தில் நடுவதே நலம்.

இரண்டாவது, பூச்சியும் எலியும். நமது விவசாயிகள் புகையான் என்று அறியும் பழுப்புத் தத்துப்பூச்சிக்கு நெற்பயிரே உணவு. அது முட்டையினின்று முதிர்ந்த பூச்சியாக ஏறக்குறைய நான்கு வாரம் பிடிக்கும். ஒரு வயல் அறுவடையானால் பூச்சி பக்கத்துப் பச்சை வயலுக்குப் பறக்கும். பக்கத்தில் பச்சை வயலே இல்லையானால் உணவின்றி மடியும். வயல் எலியும் அவ்வாறே. அது நெல் பொதி கட்டும் காலத்தை ஒட்டிக் குட்டி போடும்; சினைக்காலம் மூன்று வாரமே. ஒரே பகுதியில் இன்று ஒருவர் வயலும், ஒரு மாதம் கழித்து மற்றொருவர் வயலும் பொதி கட்டினால், எலி இடைவிடாது பெருகும். அனைவரும் ஒன்றாக அறுத்து, சில வாரங்கள் நிலத்தை வெறுமையாக விட்டால், இரண்டும் ஒடுங்கும். ஆனால் இப்பலன் சிறு பரப்பில் கிடைக்காது. பக்கத்து வயலினின்று பூச்சி எளிதில் வராதபடி, வெறுமையாக விடும் பரப்பு பெரியதாயிருக்க வேண்டும். ஆகவே பூச்சியை மட்டும் கருதினால், சங்கங்கள் ஒரே காலத்தில் நடுவதே நலம்.

நீருக்காகப் பிரிந்து நட வேண்டும். பூச்சிக்காகச் சேர்ந்து நட வேண்டும். எத்தனை சங்கங்கள் சேர்ந்து நட்டால் இரண்டு தீமைகளும் குறைந்திருக்கும் என்பதே கேள்வி. இதற்கு விடை காண்பதே நீர்க்கோயில்களின் வேலை.

இதில் தலைமடைக்காரருக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். நீர் அவரிடமே முதலில் வருகிறது. கீழே உள்ளவரைப்பற்றி அவர் கவலைப்பட வேண்டுவதில்லையே எனத் தோன்றும். ஆனால் கீழே உள்ளவர் நீரின்றித் தாமதமாக நட்டால், அங்கே பெருகும் பூச்சி மேலே ஏறி வரும். ஆகவே மேலே உள்ளவர் நீரை விட்டுக் கொடுப்பது தருமத்திற்காக மட்டும் அன்று. தம் பயிரைக் காப்பதற்காகவுமே. கீழே உள்ளவர் ஒன்றாக நடுவதற்கு நீர் கேட்கிறார். மேலே உள்ளவர் பூச்சி வராதிருக்க அதைத் தருகிறார். இருவர்க்கும் உள்ள இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் ஒற்றுமைக்கு அடிப்படை.

ஏற்பாடு குலைந்த காலம்

1966-ல் பிலிப்பைன்ஸ் தேசத்திலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர். 8 என்னும் குட்டை நெல்லை வெளியிட்டது. அதன் பெற்றோரில் ஒன்று இந்தோநேசியாவைச் சேர்ந்த பேத்தா என்னும் ரகம். நம் நாட்டிலும் பெரும் மாறுதலை உண்டாக்கிய இந்நெல்லும் அதன் வழிவந்தவையும், 1970-களில் அரசாங்கத்தின் ஊக்கத்தால் பாலியில் வேகமாகப் பரவின. விதை, உரம், பூச்சிமருந்து, கடன் ஆகியவை ஒன்றாகத் தரப்பட்டன. இயன்றபோதெல்லாம் இடைவிடாது நட்டு, போகங்களைப் பெருக்கும்படி விவசாயிகள் தூண்டப்பட்டனர். கோயில் தேதிகள் பல இடங்களில் கைவிடப்பட்டன.

முதலில் விளைச்சல் பெருகிற்று. ஆனால் எங்கும் எப்போதும் பச்சைப்பயிர் நின்றதால் புகையானும் எலியும் பெருகின. புகையானைத் தாங்கும் ரகம் தரப்பட்டது. அதன்மேல் பச்சைத் தத்துப்பூச்சி பரப்பும் துங்ரோ நோய் வந்தது. மருந்து அதிகமாகத் தெளித்தனர். மருந்து, புகையானின் முட்டையைவிட, அதைத் தின்னும் சிலந்தியையும் நன்மை செய்யும் நாவாய்ப் பூச்சியையும் எளிதில் கொன்றது. ஆகவே தெளித்தபின் புகையான் முன்னினும் அதிகமாயிற்று. நீர்ப்பற்றாக்குறையும் உடன் வந்தது.

இந்தோநேசியா முழுவதும் இவ்வநுபவம் கண்டபின், 1986-ம் வருஷம் நவம்பரில் அத்தேசத்து ஜனாதிபதி, நெல்லுக்கு 57 வகைப் பூச்சிமருந்துத் தயாரிப்புக்களைத் தெளிக்கலாகாது என்று உத்தரவிட்டார். 1989 முதல் விவசாயிகளுக்கு வயற்பள்ளிகள் நடத்தப்பட்டன. அவற்றில் விவசாயிகள் வாரந்தோறும் வயலில் இறங்கி, தீமை செய்யும் பூச்சியையும் நன்மை செய்யும் பூச்சியையும் தாமே எண்ணிப் பார்த்து, மருந்து வேண்டுமா என்று முடிவு செய்யப் பயின்றனர்.

பாலியில் பல சங்கங்கள் மீண்டும் கோயில் தேதிக்குத் திரும்பின. ஸ்டீபன் லான்சிங் என்னும் அமெரிக்க மானிடவியல் அறிஞர் ஜேம்ஸ் கிரெமர் என்பாருடன் சேர்ந்து, ஓஸ், பெதானு என்னும் இரண்டு ஆறுகளுக்கிடையே உள்ள 172 சுபாக்குகளைக் கணிப்பொறியில் மாதிரியாக அமைத்து, 1993-ல் முடிவை வெளியிட்டார். ஒவ்வொரு சங்கமும் தன் இஷ்டப்படி நடுவது, அனைத்தும் ஒரே நாளில் நடுவது, கோயில் வகுப்புப்படி நடுவது முதலிய பல ஏற்பாடுகளை ஒப்பிட்டதில், கோயில் வகுப்புக்கு ஒத்த ஏற்பாட்டிலேயே விளைச்சல் மிகுதி என்று கண்டார். பிற்காலத்து ஆய்வுகள் மற்றொன்றையும் காட்டின: எரிமலைப் பாறையினின்று கரைந்து வரும் ஆற்றுநீரிலேயே மணிச்சத்தும் சாம்பற்சத்தும் நிறைய உள்ளன. ஆகவே எல்லா நிலத்துக்கும் ஒரே அளவாகக் கொடுத்த உரத்தில் ஒரு பகுதி வீணாகக் கடலுக்குப் போயிற்று. மண்ணையும் நீரையும் சோதித்த பின்பே உரமிட வேண்டும் என்னும் நமது துறையின் உபதேசத்துக்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

இன்றைய இடையூறுகள்

ஜாத்திலுவிக்கு இன்று வரும் ஆபத்து பூச்சியால் அன்று. வயலைக் காண வருவோர் பெருகியதால், வயலோரத்தில் உணவு விடுதிகளும் தங்கும் வீடுகளும் எழுகின்றன. நுழைவுக் கட்டணத்தில் ஒரு பகுதி ஊருக்கும் சுபாக்கிற்கும் வருகிறது. சிவப்பரிசிக்கும் அதைக்கொண்டு செய்யும் பானத்துக்கும் நல்ல விலையும் கிடைக்கிறது. ஆயினும் ஒரு வயலில் நெல் விளைவித்துப் பெறும் வருமானம், அதே வயலில் கட்டடம் எழுப்பிப் பெறும் வருமானத்திற்கு ஈடாகாது. நிலத்தின் விலை ஏறினால் வரியும் ஏறுகிறது. இளைஞர் பலர் விடுதி வேலைக்கும் நகரத்துக்கும் செல்கின்றனர். வயலில் நிற்பவர் பெரும்பாலும் முதியோர்.

சுபாக்கைப் பொறுத்தவரை ஒரு வயல் போனால் ஒரு வயல் மட்டும் போவதில்லை. அவ்வயலின் வழியே செல்லும் வாய்க்கால் அடைபடும். அவ்வயலுக்குரிய வேலைப்பங்கும் வரிப்பங்கும் மற்றவர்மேல் ஏறும். வெறுமையாக விடும் பரப்பு சிதறுண்டு பூச்சிக்கு இடம் கொடுக்கும். தனித்தனியே விற்பவர் ஒவ்வொருவருக்கும் லாபம் இருக்கலாம்; ஆனால் விற்காதவர் அனைவர்க்கும் நஷ்டம் ஏற்படுகிறது.

இதைத் தடுக்க 2009-ம் வருஷத்தில் உணவுப்பயிர் நிலங்களைக் காக்கும் சட்டம் ஒன்று இந்தோநேசியாவில் இயற்றப்பட்டது. 2012-ல் பாலி மாகாணம் சுபாக்குகளைப்பற்றித் தனி ஒழுங்குவிதி செய்தது. 2024-ம் வருஷத்தில் ஐக்கிய நாடுகளின் சுற்றுலா ஸ்தாபனம் ஜாத்திலுவியைச் சிறந்த சுற்றுலாக் கிராமங்களுள் ஒன்றாகத் தேர்ந்தது. பெருமை சேர்கிறது; ஆனால் பெருமையால் வரப்பு நிற்காது. வயலை வைத்திருப்பவனுக்கு அதை வைத்திருப்பதே லாபம் என்னும் நிலை உண்டானால் அன்றி, சட்டமும் பட்டமும் அதிக நாள் உதவா.

கவனிக்கத்தக்கவை

பாலியின் மலைச்சரிவும், வற்றாத ஊற்றும், அவ்வூர்ச் சமய வழக்கமும் நமக்கு இல்லை. அங்குள்ளதை அப்படியே இங்கே கொணர்வது இயலாது. ஆயினும் ஜாத்திலுவியினின்று விவசாயப் பெருமக்களும் கிராம அதிகாரிகளும் கீழ்க்கண்டவற்றைக் கவனத்தில் கொள்வது நலம்.

1. ஒரே மடையின் கீழுள்ளவர்கள் நாற்று விடும் தேதியை முன்கூட்டியே கூடி முடிவு செய்துகொண்டு, சில நாட்களுக்குள் நடவை முடித்தல் வேண்டும். புகையானுக்கும் எலிக்கும் இதனினும் செலவு குறைந்த பரிகாரம் இல்லை.

2. இரண்டு போகங்களுக்கு நடுவே, ஓர் ஆயக்கட்டு முழுவதும் சில வாரங்களாவது நெற்பயிரின்றி இருத்தல் வேண்டும். அந்நாட்களில் பசுந்தாள் உரமோ பயறு வகைகளோ பயிரிடலாம்.

3. கடைமடைக்கு நீர் காலத்தில் போய்ச் சேர்வது தலைமடைக்காரரின் நலத்தையும் சேர்ந்தது என்பதை உணர்தல் வேண்டும்.

4. நீர்ப்பங்கு எல்லோரும் கண்ணால் கண்டு சோதிக்கத் தக்கதாக இருத்தல் வேண்டும். மறைவான பங்கீட்டினின்றே வழக்குகள் பிறக்கின்றன.

5. அபராதமும் வேலைப்பங்கும் முன்கூட்டி எழுதப்பட்டு, பெரியவர் சிறியவர் என்ற வேறுபாடின்றி வசூலிக்கப்படல் வேண்டும். ஒருவரை விட்டால் அடுத்த வருஷம் பத்துப்பேர் வாய்க்காலுக்கு வாரார்.

6. நன்செய்யை மனையாக மாற்ற விண்ணப்பம் வரும்போது, விண்ணப்பதாரரின் நிலத்தை மட்டும் பாராமல், அதன் வழியே செல்லும் வாய்க்காலையும் வடிகாலையும், கீழே உள்ள நிலங்களையும் நேரில் பார்த்தபின்பே அதிகாரிகள் அறிக்கை செய்தல் வேண்டும்.

ஆயிரம் வருஷத்திற்கு மேலாக இந்தத் தீவில் நெல் விளைந்து வருவதற்கு எரிமலை மண்ணும் மழையும் காரணம் என்பது உண்மை. ஆனால் அவை மட்டும் இருந்தால் மேல்வயல்காரன் விளைவிப்பான், கீழ்வயல்காரன் வாடுவான். ஊர் முழுவதும் விளைந்ததற்குக் காரணம், ஒரு வாய்க்காலில் உள்ளோர் ஒருவரை ஒருவர் நம்பி ஒரு தேதிக்குக் கட்டுப்பட்டதே. அக்கட்டுப்பாட்டுக்கு விலையாக அவர்கள் கொடுப்பது ஆண்டுக்குச் சில கூட்டங்களும், சில நாள் மண்வெட்டி வேலையுமே. விதைக்கும் உரத்துக்கும் மருந்துக்கும் ஆகும் செலவுடன் ஒப்பிட்டால் அது மிக அற்பம்.